பத்திரம் எழுதுகிறவன் புத்தகம் எழுதப் போன கதை

ஆடி பிறந்தால் எங்கள் தொழிலுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிடும். சங்கரன்கோவில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு மேஜை, இரண்டு பென்ச், ஒரு கம்ப்யூட்டர் என்று கடை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் நான். ஆனி மாதம் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. ஆடி ஒன்றாம் தேதி காலையில் கடையைத் திறந்தால் ஃபேன் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆடியில் எவனும் நிலம் வாங்க மாட்டான், வீடு விற்க மாட்டான். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் பாதி ஊர் கோயிலில் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருக்கும், மீதிப் பாதி அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நான் பழைய பேப்பரை வரி விடாமல் படித்துக்கொண்டிருப்பேன்.

இது தெரிந்துதான் என் மகள் சரியாக ஆடியில் போன் போட்டாள்.

"அப்பா, இப்பம் சும்மாத்தான இருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னவன் யாரும் உருப்பட்டதில்லை. தெரிந்தும் சொன்னேன்.

அவள் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறாள். சுயமுன்னேற்ற நூல்களும் போட்டித் தேர்வு வினா-விடைகளும் போடுகிற இடம். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு வினா-விடைதான். சரியான விடை அ, ஆ, இ, ஈ என்று பிழை திருத்தித் திருத்தி, கனவில்கூட நான்கு விடை வருகிறது என்று அம்மாவிடம் புலம்புவாள். ஒருநாள் துணிந்து முதலாளி முன்னால் போய் நின்று, எனக்கு எடிட்டர் வேலை தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர், "நீயே ஒரு புத்தகம் கொண்டு வாம்மா. முதல் அத்தியாயத்தைப் பார்க்கிறேன். நல்லா இருந்தா நீ எடிட்டர். இல்லேன்னா மறுபடி வினா-விடைக்கே போயிடு, அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்றிருக்கிறார். இந்தப் பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கப்பா எழுதுவார் சார்" என்று சொல்லிவிட்டது.

"நானா? என்னத்த எழுத?" என்றேன்.

"அண்ணன் தம்பி சண்டை போடாம பங்கு பிரிக்கிறது எப்படின்னு எழுதுங்க. உங்கள விட அதப் பார்த்தவங்க யாரு இருக்கா?"

அது என்னவோ உண்மைதான். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி எழுதியே என் தலை நரைத்தது. ஒரு தென்னை மரத்துக்காகப் பேச்சை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மி யாருக்கு, ஆட்டுரல் யாருக்கு என்று என் மேஜை மேலேயே கை ஓங்கினவர்களை விலக்கிவிட்டிருக்கிறேன். ஆனாலும் பெற்ற அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாக்குக் கொடுத்தால் கோபம் வராதா? வந்தது. நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டேன். கோபம் எனக்கு வருகிற வேகத்தில் போயும் விடும். என் வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியும் என்பதுதான் என் கஷ்டம்.

மறுநாள் ஒரு நல்ல பேனா வாங்கினேன். சாமி படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட்டேன். தாளை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டேன். அதோடு நின்றது. மணி பதினொன்று ஆனது, டீ வந்தது, பன்னிரண்டு ஆனது, பிள்ளையார் சுழி மட்டும் தாளில் இருந்தது. விஷயம் என்னவென்றால், இத்தனை வருஷமாக நான் எழுதிய 'நான்' எதுவும் நானில்லை. "கிரயம் எழுதிக் கொடுக்கும் நான்" என்று எழுதினால் அது மானூர்க்காரர். "உயில் எழுதி வைக்கும் நான்" என்று எழுதினால் அது வாசுதேவநல்லூர்ப் பெரியவர். எதிரே ஆள் உட்கார்ந்து சொல்வார், அவராக மாறி நான் எழுதுவேன். என் பெயர் கடைசிப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் வரும். எதிரே பென்ச் காலியாக இருந்தால் எனக்குப் பேனா ஓடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருந்தாலும் விடவில்லை. தெரிந்ததைத்தானே எழுத முடியும் என்று, சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கம் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அதன் தொடக்கம் இப்படி இருந்தது:

"தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டத்தில் வசித்து வரும் பத்திர எழுத்தராகிய நான், இந்நூலை வாங்கும் வாசகராகிய தங்களுக்கு, எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடனும் நல்ல நினைவுடனும் எழுதிக் கொடுக்கும் அறிவுரை என்னவென்றால்..."

இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கோபத்துக்கு நான்கெல்லை போட்டிருந்தேன். எந்தச் சொத்தானாலும் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதினால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும், இல்லையா? அதனால், "மேற்படி கோபத்துக்கு எல்லையாவது: வடக்கே பழைய பேச்சு, தெற்கே பெண்டாட்டி பேச்சு, கிழக்கே ஊரார் பேச்சு, மேற்கே பேசாமல் விட்ட பேச்சு. இதற்கு உட்பட்ட கோபம் பூராவும்" என்று எழுதியிருந்தேன்.

பதில் மெயிலில் வந்தது. "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தாங்கள் அனுப்பிய முதல் அத்தியாயம் கிடைக்கப் பெற்றோம். நடையில் சில மாற்றங்கள் தேவைப்படுகின்றன." நான் பெற்ற மகள் எனக்கு எழுதுகிறாள், ஆசிரியர் அவர்களுக்கு என்று! உடனே போன் போட்டேன்.

"ஏட்டி, இது என்ன மெயிலு? அப்பான்னு எழுதக் கை வரலியோ?"

"ஆபீஸ் மெயில்ப்பா, அப்படித்தான் எழுதணும். அத விடுங்க. நீங்க எழுதினது பத்திரம்ப்பா. வாசகர் காசு குடுத்து வாங்கிட்டு, எங்கன கைரேகை வைக்கணும்னு தேடுவார்."

"நான்கெல்லை?"

அவள் சிரித்துவிட்டாள். "அது நல்லாத்தான் இருக்கு. ஆனா சார் ஒத்துக்க மாட்டார். மத்த சுயமுன்னேற்றப் புத்தகம் எப்படி இருக்குன்னு ரெண்டு மூணு வாங்கிப் படிச்சுப் பாருங்க."

பஸ் ஸ்டாண்டுக் கடையில் போய் வாங்கினேன். அட்டையில் கோட்டுப் போட்ட ஆள் மலை உச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் படித்ததில் எனக்குப் பிடிபட்டது, ஒவ்வொரு வரிக்கும் ஆச்சரியக்குறி போட வேண்டும் என்பதுதான். அதெல்லாம் ஒரு கஷ்டமா? எழுதினேன். "எழுந்து நில்! உன்னுள் ஒரு சிங்கம் உறங்குகிறது! அதைத் தட்டி எழுப்பு!" எழுதியதைச் சத்தமாக வீட்டில் வாசித்தும் காட்டினேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "தூங்குத சிங்கத்த எதுக்குங்க தட்டி எழுப்பணும்? எழுப்பாமலே நீங்க நாள் பூரா உறுமிக்கிட்டுத்தான இருக்கீங்க. அண்ணன் தம்பிக்குள்ள சண்டை வேண்டாம்னு சொல்லத்தான புத்தகம்? அதுல சிங்கத்துக்கு என்ன சோலி?"

நியாயமான கேள்விதான். ஆனால் எழுதியவனுக்கு எழுதினதன் மேல் ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. அனுப்பிவிட்டேன்.

மகள் இந்தத் தடவை மெயில் போடவில்லை, நேரே போனில் வந்தாள். "அப்பா, சிங்கம் எங்க ஆபீஸ்ல கட்டுக்கட்டா கெடக்கு. இது யாரு எழுதினது?"

"நான்தான் எழுதினேன்."

"நீங்க எங்க எழுதினீங்க? இதுல நீங்களே இல்ல."

"பத்திரம் மாதிரி எழுதினா பத்திரம்ங்குத. புத்தகம் மாதிரி எழுதினா நீங்க இல்லேங்குத. இந்தா, நீயே எழுதிக்கோ!" என்று போனை வைத்துவிட்டேன். மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்த கோபம் அன்றைக்கு இறங்க வெகுநேரமாயிற்று.

சாப்பிடும்போது மனைவிதான் சொன்னாள். பிள்ளை அவளிடம் அழுதிருக்கிறது. முதலாளி நான் அனுப்பின இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, புதிய வினா-விடைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல அத்தியாயம் வராவிட்டால் இனி அவளுக்கு அதுதான் வேலையாம்.

அவள் என்னை நம்பித்தானே வாயைக் கொடுத்தாள். ஊர் உலகத்தில் எத்தனையோ எழுத்தாளர் இருக்க, எங்கப்பா எழுதுவார் என்று சொன்ன பிள்ளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது.

புதன்கிழமை காலையில் கடையில் உட்கார்ந்து மறுபடி தாளை எடுத்தேன். நடப்பது நடக்கட்டும், எனக்குத் தெரிந்த பாஷை இதுதான் என்று, மறுபடியும் பத்திரத்தமிழிலேயே ஒரு பக்கம் எழுதினேன். சிங்கம் கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. பேச்சு நின்றுபோன உடன்பிறந்தவர்களுக்கு நான் என்ன நிபந்தனை போடுவேன் என்று மட்டும் நினைத்து எழுதினேன். பக்கம் முடிகிற நேரத்தில் பார்ட்டி வந்துவிட்டது.

குருவிகுளம் பக்கத்து அண்ணன் தம்பி. அண்ணன் ஊரிலேயே மானாவாரிக் காட்டையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார். தம்பி இங்கே டவுனில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். பாகப்பிரிவினையை ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவதாக ஏற்பாடு. வரைவு நகல் எழுதியாகிவிட்டதா, வாசித்துக் காட்டுங்கள் என்று வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு கிடையாது. காரணம், தம்பி மகன் காதுகுத்துக்கு அடித்த பத்திரிகையில் அண்ணன் பெயர், தம்பியின் மச்சினன் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்குக் குறைந்து யாரும் கோபப்படுவதில்லை, இதற்கு மேல் ஒரு காரணமும் தேவைப்படுவதில்லை. இருவரும் ஒரே பென்ச்சில்தான் உட்கார்ந்தார்கள், இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர்.

"அண்ணாச்சி, கெணத்து மோட்டாரு காலையில எனக்கா, சாயந்திரம் எனக்கான்னு அவர்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து.

"எப்பம் வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும்னு அவர்ட்ட சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் தம்பி, அவரும் என்னைப் பார்த்து.

"நான் என்னவே தபால்காரனா? ரெண்டு பேர் காதுலயும் விழுந்துச்சுல்லா?" என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நான் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை அவசரத்தில், அவர்களுக்குக் கையால் எழுதி வைத்திருந்த நகல் இருந்த அட்டையின் கிளிப்பிலேயே சொருகிவிட்டு, அந்த நகலை வாசிக்கத் தொடங்கினேன். பத்திரம் வாசிப்பதற்கு என்று எங்களுக்கு ஒரு ராகம் உண்டு. ஐயர் மந்திரம் சொல்வதைப் போல வாய் பாட்டுக்கு ஓடும், மனசு வேறெங்கோ இருக்கும். என் மனசு வெள்ளிக்கிழமையில் இருந்தது. வீடு வாசித்தேன், காடு வாசித்தேன், கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் எடுப்பது வாசித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். ராகம் மாறாமல் மேலே போனேன்.

"மேலும், மேற்படி உடன்பிறந்தோர் இருவரில், மூத்தவர் முதலில் பேசட்டும் என்று இளையவரும், இளையவர் முதலில் பேசட்டும் என்று மூத்தவரும் காத்திருப்பது இனிமேல் செல்லத்தக்கதல்ல. எவர் முதலில் பேசினாலும் அது அவருடைய தோல்வியாகக் கருதப்பட மாட்டாது. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை அடுத்தவர் மூன்றாம் மனிதர் வாயால் கேட்டறிய நேர்ந்தால், அது மேற்படி உறவின் மேல் ஏற்பட்ட வில்லங்கமாகும். அதை இருவரும் முன்னின்று தங்கள் சொந்தச் செலவில் தீர்த்துக்கொள்ள வேண்டியது. வருஷத்தில் ஒரு நாளாவது இருவரும் ஒரே பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து..."

"நில்லுங்க அண்ணாச்சி" என்றார் அண்ணன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளைப் பார்த்தேன், என் நல்ல பேனா எழுத்து. ஒழுங்கான தமிழில் எழுதியிருந்தால் வாசிக்கும்போதே தட்டியிருக்கும். பத்திரமும் அத்தியாயமும் ஒரே மாதிரி இருந்ததால் எனக்கே வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

அண்ணன் மெதுவாக பென்ச்சின் அந்தக் கோடியைப் பார்த்தார். "ஏலே, இத நீயா எழுதச் சொன்ன?"

தம்பி தலையை நிமிர்த்தினார். "நான் எங்க சொன்னேன்? நீதான் முன்னக்கூட்டியே வந்து அண்ணாச்சிட்ட சொல்லிட்டுப் போயிருக்க."

"நான் எதுக்குல சொல்லப் போறேன்? பந்தியில பக்கத்து இலைன்னு எழுதிருக்கு. சின்னதுலேருந்து எம் பக்கத்து இலைக்கு அழுதவன் நீதான்."

"மூத்தவர், இளையவர்னு மரியாதையா போட்டிருக்கு. மரியாதைக்கு நிக்கிற ஆளு நீதான். நீதான் எழுதச் சொல்லிருக்க. ஒத்துக்கோயேன்."

இரண்டு பேருக்கும் சத்தம் ஏறியது. நீதான் முதலில் இறங்கி வந்தாய், இல்லை நீதான் வந்தாய் என்று ஒருவர் மேல் ஒருவர் பழியைப் போட்டார்கள். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டை பார்த்துவிட்டேன், எதிராளி நல்லவன் என்று நிரூபிக்க இரண்டு பேர் மல்லுக்கட்டினதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனாலும் பத்திரத்தில் பொய் வரக் கூடாது, அது என் தொழில் தர்மம். "எப்பா, செத்த சும்மா இருங்க. அத ரெண்டு பேரும் சொல்லல. நான் ஒரு புத்தகம் எழுதுதேன். அதோட பக்கம் இதுல கலந்து போச்சு" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"சமாளிக்காதீங்க அண்ணாச்சி" என்றார் அண்ணன்.

"பத்திரம் எழுதுதவரு புத்தகம் எழுதுதாராம்!" என்றார் தம்பி. சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். என்னைக் கேலி பண்ணுவதில் இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரையும் பென்ச்சோடு தூக்கிச் சந்தில் வைத்திருப்பேன்.

டீ சொன்னேன். டீ குடிக்கும்போது காதுகுத்துப் பத்திரிகைப் பேச்சு வந்தது. பெயரை மாற்றி அடித்தது பிரஸ்காரனின் வேலையாம். "நீ வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்" என்றார் தம்பி. "நீ வந்து சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேன்" என்றார் அண்ணன். அதற்காகப் பாகப்பிரிவினையை அவர்கள் ரத்துச் செய்யவில்லை. பங்கு பங்குதான், காடு இன்னார் இன்னாருக்கு என்பதும் அப்படியேதான். மோட்டார் யாருக்கு எப்போது என்பதை மட்டும் தாங்களே பேசிக்கொள்வதாகச் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பக்கத்தையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தார்கள். சார்பதிவாளர் என்னை அடித்து விரட்டுவார் என்று சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். தம்பியின் பைக்கில் இருவரும் ஏறிப் போனார்கள். அண்ணன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மெதுவாகப் போலே மெதுவாகப் போலே என்று கத்தியது சந்து திரும்பும்வரை கேட்டது.

அன்றைக்கு மதியம் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. பென்ச் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் பேனா ஓடியது. அந்த இரண்டு கோடியிலும் அவர்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுதினேன். ஊரையும் தொழிலையும் மாற்றிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். இப்படி ஒரு பென்ச்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எழுத்தர் ஒரு மடையன், பக்கத்தை மாற்றி வாசித்துவிட்டான் என்று சொன்னேன். நடுவில் அந்த நிபந்தனைகளை ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்தேன். கோபத்துக்குப் போட்ட நான்கெல்லையையும் எடுக்க மனசு வரவில்லை, அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே "எழுதியவர்" என்று போட்டு, என் பெயரை இந்தத் தடவை பெரிய எழுத்தில் எழுதினேன். மகளுக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து மெயில் வரவில்லை, போனும் வரவில்லை. வியாழக்கிழமை முழுக்க நான் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். மனைவி அன்றைக்கு என்னோடு பேசுவதையே ஒத்திப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் இரண்டு பார்ட்டி வந்து பென்ச்சில் உட்கார்ந்திருந்தார்கள், ஆவணிக்கு நாள் கேட்க. போன் அடித்தது. மகள் ரகசியக் குரலில் பேசினாள்.

"அப்பா, சார் படிக்க நேரமில்லன்னுட்டார். வைம்மா, அப்புறம் பார்க்கிறேன்னார். அப்புறம்னா பார்க்கவே மாட்டார்னு எனக்குத் தெரியும். அதனால அவர் முன்னாலயே நின்னு வாசிச்சுக் காட்டிட்டேன். உங்க ராகத்துலேயே."

"சரி, என்ன சொன்னார்?"

"முழுசும் கேட்டார்ப்பா. அந்த முதல்ல பேசுறது தோல்வி இல்லங்கிற இடத்த இன்னொரு தடவ வாசிக்கச் சொன்னார். பொறவு எந்திரிச்சு பால்கனிக்குப் போயிட்டார். அங்கன நின்னு போன்ல பேசிட்டிருக்கார்."

"யார்ட்ட?"

"அவங்க அண்ணன்ட்டயாம். ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்கா பேச்சே கிடையாதாம். ஆபீஸ்ல எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்காங்க."

"என்ன பேசுதார்?"

"சண்டை போடுதார்ப்பா. கத்துத கத்து தெரு வரைக்கும் கேக்கும்."

நன்றாக இருந்த மனுஷனைக் கிளப்பிவிட்டு, ஆறிப்போயிருந்த சண்டையை நானே ஊதிவிட்டேனே, பிள்ளைக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன். "போனை வச்சிரட்டா?" என்றேன். "வைக்காதீங்கப்பா, பயமா இருக்கு. லைன்லயே இருங்க" என்றாள். சின்னப் பிள்ளையில் ஊசி போடப் போகும்போது இந்தக் குரலில்தான் என் விரலைப் பிடித்துக்கொள்வாள். நான் போனைக் காதில் வைத்தபடி அப்படியே இருந்தேன். பென்ச்சில் இருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று என் முகத்தையே பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார். தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு கம்மிப்போன ஓர் ஆண் குரல், "லைன்ல யாரும்மா? உங்கப்பாவா?" என்றது. போன் கை மாறியது.

"ஐயா வணக்கம். எங்க அண்ணன் என்னைத் திட்டு திட்டுன்னு திட்டிட்டு, ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லிட்டாரு" என்றார். "நல்லதுங்க, நல்லா சாப்பிடுங்க" என்று உளறினேன்.

அவர் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மகளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அந்த வினா-விடைக் கட்டை எடுத்து வேற ஆள்ட்ட குடும்மா. எடிட்டருக்கு எதுக்கு அது?"

மகள் போனை வாங்கினாள். அப்பா என்றாள்.

நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, பென்ச்சில் இருந்தவர் பதறி எழுந்தார். "என்ன அண்ணாச்சி, ஏதும் கெட்ட செய்தியா?"

"இல்லவே! எம் மக எடிட்டர் ஆயிட்டா!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.